பூசணியின் ஏழு கிலோ

அண்ணி தராசில் ஏறாத எதையும் நம்ப மாட்டாள். மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருஷம் பொடியும் களிம்பும் நிறுத்துக் கொடுத்தவள், பின்னே எப்படி இருப்பாள்? கல்யாணமான புதிதில் புருஷன், "காப்பியில கொஞ்சம் சர்க்கரை கூடப் போடேன்" என்று ஆசையாகக் கேட்டாராம். "கொஞ்சம்னா எத்தனை கிராம்?" என்று கேட்டாளாம் இவள். பாவம் மனுஷன், அன்றோடு வாயை மூடிக்கொண்டார். குதிரைக்கு லாடம் அடிக்கிற தொழில் அவருக்கு. உதைக்கிற குதிரையெல்லாம் அவர் தொட்டால் சாதுவாக நிற்கும், வீட்டில் மட்டும் அவர் பருப்பு வேகாது.

மருந்துக்கடையை மூடிய பிறகு அண்ணி புருஷன் வீட்டுக் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள். மொத்தம் ஆறு குதிரைகள். காலையும் மாலையும் பிள்ளைகள் வந்து சவாரி பழகுவார்கள். பழக்கிவிடுவது அவளுடைய நாத்தனார். நாத்தனார் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சவாரிக்கு வரும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், குதிரை டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

ஆறில் ஐந்து குதிரைகள் லாயத்துக்குச் சொந்தம். ஆறாவது நாத்தனாரின் சொந்தக் குதிரை, பழுப்பு நிறப் பெட்டை, பெயர் பூசணி. பெயரைக் கேட்டாலே உடம்பு தெரிந்துவிடும். நாத்தனாருக்கு அதன்மேல் உயிர். போகும்போது ஒரு கேரட், வரும்போது ஒரு ஆப்பிள், சும்மா நிற்கும்போது ஒரு கைப்பிடி ஓட்ஸ் என்று ஊட்டி ஊட்டி வளர்த்ததில், சேணத்து வார் கடைசி ஓட்டைக்கு வந்து அதுவும் எட்டாமல் போயிற்று. அப்புறம் முன்னங்கால் குளம்பு இரண்டும் கொதிக்க ஆரம்பித்தன. நடக்கச் சொன்னால் முள்மேல் நடப்பது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "இதெல்லாம் கொழுப்பு பண்ற வேலை. நானூத்தி எண்பது கிலோ இருக்கா. நானூத்தி முப்பதுக்கு வரணும், அதுவும் மெதுவா, நாலு மாசத்துல. கேரட் கிடையாது, ஆப்பிள் கிடையாது, ஓட்ஸ் வாசமே படக்கூடாது. ஒரு நாளைக்கு ஏழு கிலோ காய்ஞ்ச புல்லு. அதையும் ஒரு மணி நேரம் தண்ணியில ஊற வெச்சுக் கொடுங்க. புல்லுல இருக்கற சர்க்கரை கரைஞ்சு போயிடும்."

இது நடந்து இரண்டாவது நாள் நாத்தனார் காலை உடைத்துக்கொண்டாள். குதிரையிலிருந்து விழுந்தாள் என்றால் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்தாள். ஆறு வாரம் வெளியூரில் மகள் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கிளம்பும்போது காரில் உட்கார்ந்துகொண்டு அண்ணியின் கையை விடவே இல்லை.

"அண்ணி, என் உயிரை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். நான் இருந்தா பாவம் பாவம்னு எதையாவது போட்டே அவளைக் கொன்னுடுவேன். நீங்கன்னா நிறுத்துப் போடுவீங்க. அந்த ஒரு நம்பிக்கைலதான் போறேன்."

"நீ கவலைப்படாம போ. ஒரு கிராம் கூடாது, ஒரு கிராம் குறையாது" என்றாள் அண்ணி.

சும்மா சொல்லக்கூடாது, சொன்னபடி செய்தாள். காலையில் எழுந்ததும் புல்லை வலைப்பையில் திணித்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கி, கடிகாரம் பார்த்து ஒரு மணி நேரம் ஊறவிடுவாள். பிறகு தூக்கிக் கொக்கியில் மாட்டுவாள். தண்ணீரோடு நிறுத்தால் எடை ஏறிவிடுமாம், அதனால் சொட்டுவது நிற்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். கடைசிச் சொட்டும் விழுந்த பிறகுதான் தொங்கு தராசில் மாட்டி நிறுப்பது. காலையில் மூன்றரை, மாலையில் மூன்றரை. முள் ஒரு கோடு தாண்டினால் இரண்டு இழை புல்லை உருவிப் போடுவாள். குதிரைக் கொட்டடி வாசலில், "எதுவும் கொடுக்காதீர்கள். கேரட்டும் சேர்த்துத்தான்" என்று பலகை வேறு.

முதல் மூன்று வாரம் எல்லாம் அழகாகப் போயிற்று. குளம்புச் சூடு தணிந்தது. வயிறு வற்றியது. நாத்தனார் தினமும் போனில் கேட்பாள், "எப்படி இருக்கா?" "இளைச்சிருக்கா" என்பாள் அண்ணி. "சபாஷ் அண்ணி! உங்களுக்குக் கோயிலே கட்டலாம்!" என்று அந்தப் பக்கம் கூத்தாடுவாள் நாத்தனார்.

நாலாவது வாரம் அண்ணிக்கு என்னவோ போல இருந்தது. பூசணியின் விலா எலும்பு தெரிந்தது. தெரிந்ததோடு நிற்காமல் எண்ணிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. கொட்டடிக் கதவின் மேல் பலகையைக் கடித்துக் கடித்து மரம் வெள்ளையாகத் தெரிந்தது. போட்ட புல்லை அரை மணியில் முடித்துவிட்டுத் தரையில் கிடந்த மரத்தூளை மோந்துகொண்டு நின்றது. சாணமும் குறைந்துவிட்டது.

அவள் புருஷன் ஒருநாள் லாடம் பார்க்கக் குனிந்தவர், நிமிர்ந்து, "பசிக்குதோ என்னவோ" என்றார்.

"உங்களுக்கு எப்பவும் பசிதான். ஏழு கிலோ நிறுத்துப் போடறேன். மலை மாதிரி தின்னுட்டு இன்னும் வேணும்னு கதவைக் கடிச்சா அதுக்குப் பேரு பசியா? கொழுப்பு!"

அவர் சுத்தியலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அண்ணிக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான். அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டால் போதும், முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பூசணி கனைக்கும். அந்தக் கனைப்பு ஒரு நாள் நின்றுபோனது. புல்லோடு போய் நின்றால், தலையைத் தொங்கப் போட்டபடி ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். அண்ணி அன்றே டாக்டருக்குப் போன் செய்தாள்.

டாக்டர் வந்து எடை காட்டும் நாடாவை வைத்து மார்பைச் சுற்றி அளந்தார். நானூற்றுப் பதினைந்து கிலோ. முகம் மாறிவிட்டது அவருக்கு. வாயைத் திறந்து பல்லெல்லாம் பார்த்தார். சாணத்தை எடுத்துப்போய்ப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். எதுவும் இல்லை.

"தீனி எவ்வளவு போகுது அண்ணி?"

"ஏழு கிலோ. ஒரு கிராம் கூட இல்ல, குறைய இல்ல. நானே என் கையால நிறுக்கறேன்."

"நீங்க நிறுத்தா அதுக்கு அப்பீலே கிடையாது" என்றார் டாக்டர். அதற்குமேல் அவர் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஏழு கிலோ தின்னு இப்படி உருகறான்னா, உள்ள ஏதோ இருக்கு. ஈரலா இருக்கலாம். குடல்ல கட்டியா இருக்கலாம். ரத்தம் எடுத்து அனுப்பறேன். கட்டின்னா..." என்றவர் முடிக்காமல் பையை மூடினார்.

கட்டியா? போனில் நாத்தனார் கேட்டால் என்ன சொல்வது? அன்று மாலையும் கேட்டாள். "எப்படி இருக்கா அண்ணி?" அண்ணி பொய் சொல்லாதவள். "இளைச்சிருக்கா" என்றாள். "சபாஷ்!" என்றது போன். வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆறு வாரம் முடிந்தது. நாத்தனார் மறுநாள் வருகிறாள். ரத்தப் பரிசோதனை முடிவு அன்றைக்கு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையிலிருந்தே அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போதாக்குறைக்குத் தண்ணீர் மோட்டார் வேறு புகை கக்கிவிட்டு நின்றுவிட்டது. தொட்டி காலி. குதிரைகள் குடிக்க வாளிகளில் இருந்த தண்ணீரைத் தவிர லாயத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"மெக்கானிக் பத்து மணிக்குத்தான் வருவானாம்" என்றார் புருஷன்.

"அதுவரைக்கும் பூசணி என்ன பண்ணுவா? சரி, காய்ஞ்ச புல்லாவே இப்பவே நிறுத்துக் கட்டி வெச்சுடறேன். தண்ணி வந்ததும் ஊறப் போட்டுக்கலாம்."

கட்டுப்பிரித்துப் புல்லை வலைப்பையில் திணித்தாள். தினமும் திணிக்கிற அளவுக்குத் திணித்துத் தராசில் மாட்டினாள். முள் ஒன்றரையைக்கூடத் தொடவில்லை. "இதென்ன கூத்து!" என்று இன்னும் இரண்டு அணைப்பு எடுத்துத் திணித்தாள். இரண்டு கிலோ. இன்னும் திணித்தாள். பையின் வாய் பிதுங்கியது. மூன்று கிலோவுக்கு வருவதற்குள் பை நிறைந்து, புல் நாலா பக்கமும் வலைக்கண் வழியாக நீட்டிக்கொண்டு நின்றது.

"என்னங்க, தராசு போச்சு! இங்க வாங்க!"

தராசு போனால் அண்ணிக்கு உலகமே போன மாதிரி. புருஷன் வந்து பார்த்தார். பிரிக்காத ஐந்து கிலோ ஓட்ஸ் மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினார். முள் நேராக ஐந்தில் போய் நின்றது.

"தராசு நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"அப்ப புல்லு? புல்லு எப்படி இவ்வளவு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். காலித் தொட்டியைப் பார்த்தாள். பிதுங்கிய பையைப் பார்த்தாள். தினமும் அதே பையில் பாதிகூட நிறையாத புல், ஊறி, சொட்டு நின்று, மூன்றரை கிலோ காட்டிய புல்.

அப்படியே பக்கத்தில் கிடந்த மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு?"

"பேசாதீங்க. ஒரு நிமிஷம் பேசாதீங்க."

எழுந்து வீட்டுக்குள் ஓடினாள். குடிக்கத் தண்ணீர் வாங்கி வைத்திருந்த கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காய்ந்த புல்லைச் சரியாக ஒரு கிலோ நிறுத்தாள். வாளியில் போட்டு, கேன் தண்ணீரை முழுக்க ஊற்றி அமுக்கினாள். "ஒரு மணி நேரம்" என்றாள். அந்த ஒரு மணி நேரமும் வாளிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.  புருஷனும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மெக்கானிக் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்ததைக்கூட இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆனதும் புல்லை எடுத்து மாட்டினாள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. நின்றது. வழக்கம்போல இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு தராசில் மாட்டினாள்.

இரண்டரை கிலோ.

சொட்டு நின்றால் தண்ணீர் போய்விட்டது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் கொடுக்கிற பொருளைக் கொடுக்கிற நேரத்தில் நிறுப்பதுதான் முறை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் நிறுத்தாள். புல் தண்ணீரைக் குடித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று தோன்றவே இல்லை. ஏழு கிலோ, ஏழு கிலோ என்று பீற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று கிலோகூடப் போடவில்லை. பாதிக்கும் குறைச்சல்! ஆறு வாரம் அந்த வாயில்லா ஜீவன் கதவைத் தின்றிருக்கிறது. அதற்குக் கொழுப்பு என்றவள் இவள்!

"படுபாவி நான்! பட்டினி போட்டுக் கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னும் சாகலையே" என்றார் புருஷன். "டாக்டருக்குப் போனைப் போடு முதல்ல."

டாக்டர் எடுத்ததும் அண்ணி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பக்கத்தில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"டாக்டர்? இருக்கீங்களா?"

"இருக்கேன் அண்ணி. ரிசல்ட்டைக் கையில வெச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கேன். ஈரல் சுத்தமா இருக்கு. கட்டிக்கான அடையாளம் ஒண்ணும் இல்ல. ரத்தத்துல கொழுப்பு மட்டும் ஏறியிருக்கு. பட்டினி கிடக்கற குதிரைக்கு இப்படித்தான் இருக்கும். ஆனா உங்ககிட்ட இருக்கற குதிரை எப்படிய்யா பட்டினி கிடக்கும்னு, லேப்ல வேற யாரோட ரத்தத்தையோ மாத்திட்டாங்கன்னு இப்பதான் அவங்களைப் பிடிச்சுத் திட்டிட்டு வந்தேன்!"

"அப்ப கட்டி இல்லையா?"

"இல்ல."

"ஈரல்?"

"நல்லா இருக்கு அண்ணி. பசி. வெறும் பசி. நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், நனைச்சு நிறுக்கறீங்களா, நிறுத்து நனைக்கறீங்களான்னு. நீங்களாச்சேன்னு விட்டுட்டேன். என் தப்பும்தான்."

அப்பாடா! பத்து நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு கீழே விழுந்தது. அண்ணி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது.

"இப்பவே ஏழு கிலோ போட்டுடட்டுமா?"

"ஐயையோ, வேணாம்! காய்ஞ்ச வயிறு, ஒரே நாள்ல கொட்டினா வலி வந்து உருளும். இன்னிக்கு ஒரு கிலோ மட்டும் கூட்டுங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு ஒரு கிலோவா ஏத்துங்க. பிரிச்சுப் பிரிச்சு நாலு வேளையா கொடுங்க. நாளைக்கு நான் வந்து பாக்கறேன். அப்புறம் அண்ணி..."

"சொல்லுங்க."

"காய்ஞ்சதை நிறுங்க."

புருஷன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கூரையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க" என்றாள் அண்ணி. "பசிக்குதுன்னு அன்னிக்கே சொன்னேனே, அதைச் சொல்லிடுங்க. வயித்துக்குள்ளயே வெச்சுக்கிட்டா உங்களுக்கும் வலி வரும்."

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார் அவர். ஆனால் முகம் முழுக்கப் பல்லாக இருந்தது.

மோட்டார் ஓடியதும் காலைப் பங்கை ஊறவைத்துப் போட்டாள். அன்று மத்தியானம், டாக்டர் கூட்டச் சொன்ன கணக்கில், வாளியில் ஊறிய அந்த ஒரு கிலோ புல்லைக் கொண்டுபோய் அண்ணி பூசணிக்கு முன்னால் வைத்தாள். பூசணி நம்பாமல் ஒரு தடவை மோந்தது. வழக்கத்தில் இல்லாத நேரமாயிற்றே. பிறகு வாயை வைத்தது. அரைக்கிற சத்தம் கர்ரக் கர்ரக் என்று கேட்டது. அண்ணி கதவடியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டாள். "தின்னு தாயி, தின்னு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் குதிரையை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. கக்கத்தில் ஊன்றுகோலோடு நாத்தனார் இறங்கும்போதே கொட்டடிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அண்ணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளு."

"என்ன அண்ணி, முகம் ஏன் இப்படி இருக்கு? அவளுக்கு ஏதாவது..."

"நல்லா இருக்கா. இல்ல, நல்லா இல்ல. நான் அவளைப் பட்டினி போட்டுட்டேன்" என்றாள் அண்ணி. ஒன்றையும் மறைக்கவில்லை. வாளியை, சொட்டை, இரண்டரை கிலோவை, கட்டி என்று பயந்ததை, பத்து நாளாகப் போனில் "இளைச்சிருக்கா" என்று மட்டும் சொல்லி மழுப்பியதை, எல்லாம் சொன்னாள். "திட்டணும்னா இங்கயே திட்டிடு. மனசுல வெச்சுக்காதே."

நாத்தனார் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு கொட்டடிக்குப் போனாள். பூசணியின் விலாவில் கையை வைத்தாள். ஒவ்வொரு எலும்பாகத் தடவினாள். தோள் குலுங்கியது. அண்ணி தூரத்திலேயே நின்றாள்.

"குளம்பு?" என்று திரும்பாமலே கேட்டாள் நாத்தனார். "என்னால குனிய முடியல. தொட்டுப் பாருங்க."

அண்ணி ஓடிவந்து குனிந்து இரண்டு முன்னங்காலையும் தொட்டாள். "சூடு இல்ல. மூணு வாரமா இல்ல."

"கட்டி இல்லன்னு டாக்டர் நிச்சயமா சொன்னாரா?"

"நிச்சயமா சொன்னாரு."

"வெறும் பசிதானா?"

"வெறும் பசிதான்."

நாத்தனார் நீளமாக மூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணி, நான் போட்டுப் போட்டுக் கொல்லப் பாத்தேன். நீங்க போடாம கொல்லப் பாத்திருக்கீங்க. இந்தக் குடும்பத்துல வந்து மாட்டினதுக்கு இவளுக்குத்தான் கோயில் கட்டணும். ஆனா ஒண்ணு, உங்களை நான் சும்மா விட மாட்டேன். சவாரிக்கு வர்ற ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் சொல்லுவேன்."

"சொல்லு. பலகையில வேணும்னாலும் எழுதி மாட்டு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் அதோடு கூடவே வந்தது.

இரண்டாவது வேளைக்கு நேரம் ஆயிற்று. அண்ணி கிடங்குக்குப் போனாள். காய்ந்த புல்லை நிறுத்து வலைப்பையில் கட்டித் தொட்டியில் அமுக்கினாள். ஊறிய பிறகு எடுத்து வடிய விட்டாள். பழக்கதோஷத்தில் கை தராசுப் பக்கம் போனது. "சீ!" என்று கையைத் தானே தட்டிவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தாள். முதுகெல்லாம் ஈரம்.

பாதி முற்றம்கூடத் தாண்டவில்லை. செருப்புச் சத்தம் கேட்டு, கொட்டடிக்குள்ளிருந்து ஒரு கனைப்பு வந்தது. கரகரவென்று, பழைய கனைப்பு.

அண்ணி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"பாத்தீங்களா துரோகியை!" என்று உள்ளேயிருந்து நாத்தனார் கத்தினாள். "ஒண்ணரை மணி நேரமா பக்கத்துல நிக்கறேன், என்னைப் பாத்து ஒரு சத்தம் கிடையாது! பட்டினி போட்டவங்க செருப்புச் சத்தத்துக்குக் கனைக்கறா!"

மறுபடியும் கனைத்தது பூசணி.

"வரேன் தாயி, வரேன்" என்று சொல்லிக்கொண்டு அண்ணி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.